சொல் செய்வோரும் சொல் சேர்ப்போரும்

ஒரு மொழியைத் தனிமனிதர் ஒருவர் மேசையில் அமர்ந்து செய்துவிட முடியுமா? ஐரோப்பாவில் இந்த ஆசை பலரைப் பிடித்தாட்டியிருக்கிறது. ஸமன்ஹோவ் 1887இல் வார்சோவில் எஸ்பெரான்டோவை வெளியிட்டார். டோல்கீன் தன் கற்பனை மாந்தருக்காக ஒலிகளையும் சொற்களையும் வாழ்நாள் முழுக்கச் செதுக்கிக்கொண்டிருந்தார். இது பற்றி 1931இல் அவர் ஆற்றிய உரை பின்னர் ‘ஒரு இரகசியத் தீய பழக்கம்’ என்ற பொருள்படும் தலைப்பில் அச்சாயிற்று. தலைப்பே சொல்வதுபோல, கொஞ்சம் வெட்கத்தோடு செய்யப்படும் பொழுதுபோக்காகவே இது கருதப்பட்டு வந்தது.

நாம் வாழும் நோர்வேயில் நிலைமை வேறு. இங்கே அப்படிச் செய்யப்பட்ட ஒரு எழுத்துமொழி பாராளுமன்றத்திலும் பாடசாலையிலும் அரச படிவங்களிலும் இருக்கிறது. அதில் எழுதும் யொன் பொஸ்ஸவுக்கு 2023இல் நோபல் பரிசும் கிடைத்தது. எம்மில் பலர் இந்த நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தும், நீநொர்ஸ்க் என்ற அந்த மொழியை ‘மேற்குக் கரையாரின் பேச்சு’ என்று ஒதுக்கி விடுகிறோம். அதன் வரலாறு தமிழைப் பற்றி நாம் நடத்தும் விவாதங்களுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம்.

சுமார் நானூறு வருடங்கள் டென்மார்க்கோடு இணைந்திருந்த நோர்வே, 1814இல் அதிலிருந்து பிரிந்தபோது அதன் எழுத்துமொழி டெனிஸாகவே இருந்தது. சொந்த மொழிக்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. நகரத்துப் படித்தவர்களின் உச்சரிப்புக்கு ஏற்ப டெனிஸைச் சிறிது சிறிதாக நோர்வேஜியமாக்கலாம் என்றார் க்னுட் க்னுட்சன். இன்றைய பூக்மோல் அந்த வழியில் வந்தது. இன்னொரு வழியைக் காட்டியவர் ஈவார் ஓசன்.

ஓசன் 1813இல் சுன்மோர பகுதியில் ஒரு சிறுவிவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகாதவர். 1842இல் ரொண்ட்ஹெய்மில் இருந்த விஞ்ஞானக் கழகத்தின் உதவித்தொகையோடு புறப்பட்டு, 1846 வரை நாட்டின் பல பாகங்களில் அலைந்து கிராமத்தவரின் பேச்சைக் குறித்துக்கொண்டார். 1848இல் இலக்கணம் வந்தது. 1850இல் சுமார் 25,000 சொற்கள் கொண்ட அகராதி வந்தது. 1873இல் வந்த அகராதியில் சொற்கள் ஏறத்தாழ 40,000.

சேர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. ஒரே சொல்லைப் பத்துப் பள்ளத்தாக்குகளில் பத்து விதமாகச் சொன்னால் எதை எழுதுவது? பழைய நோர்ஸ் மொழியோடு ஒப்பிட்டு, எல்லா வடிவங்களுக்கும் தாயாக நிற்கக்கூடிய வடிவத்தைத் தேர்ந்தார். பெரும்பாலோர் உச்சரிக்காத இறுதி மெய்களையும் எழுத்தில் வைத்தார். ஆகவே அவர் எழுதிய மொழியை அப்படியே பேசியவர் நோர்வேயில் ஒருவரும் இல்லை. சொற்கள் மக்களுடையவை, அவற்றைச் சேர்த்துக் கட்டிய கட்டடம் ஓசனுடையது.

அவர் கையில் ஒரு சல்லடையும் இருந்தது. ஜேர்மன் வழியாக டெனிஸுக்குள் வந்த ‘அன்’, ‘பெ’ என்ற முன்னொட்டுகளும் ‘ஹெத்’, ‘எல்செ’ என்ற பின்னொட்டுகளும் கொண்ட சொற்களை அவர் பெரும்பாலும் விலக்கினார். அன்பைக் குறிக்க ‘ஷார்லிஹெத்’ வேண்டாம், பழைய வேரில் இருந்து வரும் ‘ஷார்லெய்க்’ போதும். ஆனால் விலக்கப்பட்ட சொற்களில் பல, அவர் நடந்து திரிந்த அதே கிராமங்களில் நாளாந்தம் பேசப்பட்டவை. மக்களின் மொழி என்று சொல்லிக்கொண்டே மக்களின் வாயில் இருந்த சிலவற்றை அவர் அகற்றினார். இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவதில் பயனில்லை.

1885 மே 12ஆம் திகதி பாராளுமன்றம் இரு மொழிவடிவங்களுக்கும் சம அந்தஸ்து வழங்கியது. அதனால் சண்டை ஓயவில்லை. இன்றைய ஒஸ்லோவான கிறிஸ்தியானியாவில் 1913இல் நீநொர்ஸ்க் நாடக அரங்கு ஆரம்பித்தபோது கலவரம் நடந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் நோக்கோடு அரசு எழுத்துச் சீர்திருத்தங்கள் செய்தது. 1950களில் ஒஸ்லோவின் பெற்றோர் பேனாவை எடுத்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைத் தாங்களே திருத்தினார்கள். இணைப்புக் கொள்கை 2002இல் கைவிடப்பட்டது. இன்று நீநொர்ஸ்க்கில் படிக்கும் மாணவர் பத்தில் ஒருவருக்குச் சற்றே மேல்.

1951இல் நடந்தது இன்னும் சுவையானது. ‘ஐந்தும் இருபதும்’ என்று எண்ணி வந்தவர்களை, தமிழில் நாம் சொல்வதுபோல ‘இருபத்தைந்து’ என்று எண்ணும்படி பாராளுமன்றம் தீர்மானித்தது. தொலைபேசி இலக்கங்கள் பிழையாகக் கேட்கப்படுகின்றன என்பதே காரணம். இத்தனை வருடங்களின் பின்னும் பழைய முறையில் எண்ணுவோரை இங்கே தாராளமாகக் காணலாம். அரசாணை பாடசாலைக்குள் போகும், சமையலறைக்குள் போவது அவ்வளவு சுலபமல்ல.

இனி நம் பக்கம். 1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் கையிலும் இதே சல்லடைதான் இருந்தது. அவர் மகள் நீலாம்பிகை வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தினார். அந்த அலையில் அக்கிராசனர் தலைவரானார், நமஸ்காரம் வணக்கமாயிற்று, சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று. தனித்தமிழை எள்ளி நகையாடுவோரும் இந்தச் சொற்களால்தான் நகையாடுகிறார்கள்.

ஈழத்தில் நாம் ஒலியையும் வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டோம். தமிழகத்தார் ஆக்சிஜன் என்றபோது நம் பாடநூல் ஒட்சிசன் என்றது, ஹைட்ரஜன் ஐதரசனாயிற்று. கிரந்த எழுத்தைத் தவிர்த்துத் தமிழ் ஒலிக்குள் அந்நியச் சொல்லை அடக்கும் முறை அது. ‘டெலிபோன்’ நம் கையில் ‘ரெலிபோன்’ ஆவதும், கனடிய நகரம் ‘ரொறன்ரோ’ ஆவதும் அறியாமையால் அல்ல. ‘வெற்றி’ என்ற சொல்லில் நாம் உச்சரிக்கும் நுனிநா ஒலிக்கு ஆங்கிலத்தின் அந்த ஒலி அண்மையில் இருப்பதைக் கேட்டுப் பிறந்த எழுத்துமுறை அது. ஆனால் நோர்வேஜிய உயிர்களில் சிலவற்றுக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. ஒரே தெருவின் பெயரை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுகிறோம். பிள்ளைகள் அந்த ஒலியைச் சரியாகச் சொல்கிறார்கள். தமிழில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது.

1990களில் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த பகுதிகளில் பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆயிற்று, ஐஸ்கிரீம் ‘குளிர்களி’ ஆயிற்று. இதைப் பெருமையாகப் பேசுவோரும் கேலியாகப் பேசுவோரும் நம்மிடையே உண்டு. இரு சாராரும் சொல்லையே பார்க்கிறார்கள். வெதுப்பகம் நல்ல சொல். 2009இன் பின்னும் அது வழக்கில் இருப்பதற்கு அதன் தகுதியே காரணம், ஆணையிட எவரும் மிஞ்சவில்லை. என் கேள்வி வேறு: அது பிறந்தபோது ‘எனக்கு இந்தச் சொல் வேண்டாம்’ என்று பகிரங்கமாக எழுத ஒரு பத்திரிகைக்கு இடம் இருந்ததா? நோர்வேயின் மொழிச்சபை ‘பேக்கன்’ என்ற இறைச்சிப் பெயரை நோர்வேஜிய ஒலிக்கேற்ப எழுதலாம் என்றபோது நாடே சிரித்தது. சிரித்தவர் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதுச்சொல்லுக்கு வேர் மட்டும் போதாது, அதை மறுக்கும் உரிமையும் சூழ இருக்க வேண்டும். அப்போதுதான் நிலைத்த சொல் மக்கள் ஏற்ற சொல் என்று நம்மால் சொல்ல முடியும்.

நம்மை நாம் குறிக்கும் சொல்லையே பாருங்கள். ‘புலம்பெயர்ந்தோர்’ என்பது புதிதாகச் செய்த சொல்லல்ல. பட்டினப்பாலையில் புகார் நகரில் கலந்து இனிதே வாழ்ந்த அயல்நாட்டாரைக் குறிக்க அது வருகிறது. யாரும் ஆணையிடாமல், எந்தக் குழுவும் கூடாமல், கடந்த நாற்பது வருடங்களில் அது கடவுச்சீட்டைத் தொலைத்தவனின் பெயராயிற்று. பழைய வேர், புதிய காயம்.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். சொல் செய்வதற்கு முன் சேர்ப்போம். நெடுந்தீவாரும் மன்னாராரும் மட்டக்களப்பாரும் ஊரில் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியதில்லை. குறூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் அது நடக்கிறது. ஓசன் நான்கு வருடம் அலைந்த வேலையை நாம் சுரங்க ரயில் ஏறியே தொடங்கலாம். வலை, வள்ளம், வயல், பேறு, சாவு என்று முதியோர் வாயில் இருக்கும் சொற்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றோடு, நம் பிள்ளைகள் தமிழ் வாக்கியத்துக்குள் போட்டுப் பேசும் ‘பார்னஹாகே’யையும் குறித்துவைப்போம். அதற்குத் தமிழ் வேண்டுமா என்பதை அவர்களே பிறகு தீர்மானிக்கட்டும். ஓசனின் பயணம் நமக்கு வேண்டும், சல்லடையைக் கொஞ்சக் காலம் சுவரில் மாட்டிவைப்போம்.

சல்லடை இல்லாமல் மொழி கரைந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் எழுதவேண்டும்.