பைத்தானில் அகராதி மதிப்புகளைப் பட்டியலாக்கல்

பைத்தான் நிரல்மொழியில் அகராதி என்னும் தரவமைப்பிலுள்ள மதிப்புகளை மட்டும் எடுத்து, வரிசை எண்ணால் அணுகக்கூடிய பட்டியலாக அமைக்கும் செயல்முறை இது. நிரலர்கள் அன்றாடப் பேச்சில் இவற்றை டிக்ஷனரி, லிஸ்ட் என்றே குறிப்பிடுவர். அகராதியில் ஒரு மதிப்பை எடுக்க அதன் திறவுகோல் வேண்டும். பட்டியலில் அது இருக்கும் இடத்தின் எண் போதும். அந்த எண் 0-இலிருந்து தொடங்கும்.

அடிப்படை முறை

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம். கட்டளைச் சொற்கள் நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமையும்; இங்கே அவை ஒலிப்பெயர்ப்பில் தரப்படுகின்றன.

விலை = {'தக்காளி': 40, 'வெங்காயம்': 35, 'கத்தரி': 40}
லிஸ்ட்(விலை.வேல்யூஸ்())

விடை: [40, 35, 40]. ஒரே மதிப்பு இரண்டு திறவுகோல்களுக்கு இருந்தால் பட்டியலிலும் இரண்டு முறை வரும். லிஸ்ட்(விலை) என்று மட்டும் எழுதினால் காய்களின் பெயர்கள்தான் கிடைக்கும், விலைகள் கிடைக்கா. புதிதாகக் கற்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

வரலாறு

பைத்தான் 2-இல் இந்த மாற்றத்துக்கே தேவை இருக்கவில்லை. வேல்யூஸ் செயற்கூறு நேரடியாகப் பட்டியலையே தந்தது. மதிப்புகளை ஒரு முறை பார்த்துச் செல்வதற்குக்கூட நினைவகத்தில் முழுப் பட்டியல் ஒன்று உருவானது. அதைத் தவிர்க்க இட்டர்வேல்யூஸ் என்ற தனிச் செயற்கூறு இருந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், 3106-ஆம் எண் மேம்பாட்டு முன்மொழிவில் இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு மாற்று ஒன்றை முன்வைத்தார். 2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3.0 முதல், வேல்யூஸ் ஒரு காட்சிப்பொருளைத் தருகிறது. பட்டியல் வேண்டுமென்றால் நிரலர்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

காட்சியும் பட்டியலும்

காட்சிப்பொருள் மதிப்புகளைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. அகராதியின் இப்போதைய நிலையைக் காட்டுகிறது. தக்காளி விலையை 60 ஆக்கினால், முன்பே எடுத்து வைத்த காட்சியிலும் 60 தெரியும். பட்டியலோ எடுத்த கணத்தின் நிலையிலேயே நிற்கும். அதில் 40 மாறாது.

காட்சியைச் சுழற்சியில் பயன்படுத்தலாம், நீளம் கேட்கலாம், ஒரு மதிப்பு உள்ளதா என்று தேடலாம். வரிசை எண்ணால் அணுக முயன்றால் வகைப்பிழை எழும். ஒரே அகராதியிலிருந்து எடுத்த இரண்டு மதிப்புக் காட்சிகளைச் சமமா என்று ஒப்பிட்டால் விடை எப்போதும் பொய் என்றே வரும். பட்டியலாக்கிய பிறகுதான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

பட்டியலாக்கலில் உருவாவது மேலோட்டமான நகல். மதிப்பே இன்னொரு பட்டியலாக இருந்தால், அந்த உட்பட்டியலை அகராதியும் புதிய பட்டியலும் பகிர்ந்துகொள்ளும். ஒன்றின் வழியே அதைத் திருத்தினால் மற்றதிலும் மாற்றம் தெரியும்.

வரிசைமுறை

மதிப்புகள் எந்த வரிசையில் வரும் என்பது நெடுங்காலம் உறுதியற்றதாக இருந்தது. 2016-இல் வந்த பைத்தான் 3.6-இன் சிபைத்தான் செயலாக்கத்தில் அகராதியின் உள்ளமைப்பு மாறி, சேர்த்த வரிசை நிலைத்தது. 2018-இல் வெளியான 3.7 அதை மொழியின் விதியாக்கியது. இருக்கும் திறவுகோலின் மதிப்பை மாற்றினால் இடம் மாறாது. நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால் அது கடைசிக்குப் போகும்.

பிற முறைகள்

2015-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து [*விலை.வேல்யூஸ்()] என்று உடுக்குறி இட்டும் பட்டியல் பெறலாம். 40-க்குக் குறைந்த விலைகள் மட்டும் போதும் என்பது போன்ற நிபந்தனை இருந்தால், பட்டியல் சுருக்கத் தொடர் ஏற்றது. ஏறுவரிசை வேண்டுமெனில் சார்ட்டட் செயற்கூறு காட்சியை நேரடியாக ஏற்று, வரிசைப்படுத்திய பட்டியலையே தரும். ஒவ்வொரு மதிப்பும் ஒரு பட்டியலாக இருந்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கோக்க வேண்டுமெனில், இட்டர்டூல்ஸ் தொகுதியின் செயின் பயன்படும். சம் செயற்கூறால் அவற்றைக் கூட்டினாலும் விடை வரும். ஆனால் ஒவ்வொரு கூட்டலிலும் முழு நகல் எடுப்பதால் பெரிய தரவில் அது மிக மெதுவாகும்.

தேவையும் செலவும்

கூட்டுத்தொகை, பெருமம், சிறுமம் காணப் பட்டியல் தேவையில்லை, காட்சியே போதும். 64 பிட் கணினியில் 10 லட்சம் மதிப்புகளைப் பட்டியலாக்கினால், சுட்டுகளுக்கு மட்டும் சுமார் 80 லட்சம் பைட் கூடுதலாகச் செலவாகும். ஒரு மதிப்பைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவும், ஜேசான் வடிவில் எழுதவும் பட்டியல் கட்டாயம். சுழற்சியின் நடுவே அகராதியில் உருப்படிகளைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டியிருந்தாலும் முன்கூட்டியே பட்டியலாக்கிக்கொள்ள வேண்டும். காட்சியின் மீது சுற்றிக்கொண்டே அகராதியின் அளவை மாற்றினால், பைத்தான் இயக்கநேரப் பிழை காட்டி நின்றுவிடும்.