பூங்கா ஈன்ற தோட்டம்

தமிழில் பூங்காவும் தோட்டந்தான். மலாயாத் தமிழர் பிழைப்பு நாடிச் சென்ற ரப்பர்க் காடும் தோட்டந்தான். முன்னது உலாவுவதற்கு உரியது. பின்னது உழைப்பதற்கு உரியது. தொடர்பற்றவைபோலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் தாயும் மகளுமாகும். மலாக்காவின் வரலாறே இதற்குச் சான்று.

சிங்கப்பூர்த் தமிழர் 'பூமலை' என வழங்கும் தாவரவியல் பூங்கா 1859ஆம் ஆண்டில் தோன்றியது. அரசாங்கம் நிலம் அளித்தது. ஆனால், பூங்காவை அமைத்து நடத்தியது பயிர்த்தொழிலில் ஆர்வங்கொண்டோர் தாமே கூடி நிறுவிய ஒரு சங்கம். உறுப்பினர் சந்தாவால் நடந்த அப்பணி கடனில் மூழ்கவே, 1870களின் நடுவில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது.

1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொணர்ந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன.

மேனாட்டார் கூறும் இலையுதிர்காலம் இந்நாட்டில் இல்லை. எனினும் ரப்பர் மரத்திற்கெனத் தனிப் பருவக்கணக்கு ஒன்று உண்டு. தை, மாசியில் இலை உதிர்ந்து துளிர்க்கும். ஆவணி, புரட்டாசியில் காய் வெடித்து விதை சிதறும். ஐப்பசி, கார்த்திகை மழை கன்று ஊன்றுவதற்கு ஏற்றது. விதையோ சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால் விதை பொறுக்குதல், நாற்றுமேடையில் இடுதல், வேண்டுவோர்க்கு வழங்குதல் ஆகிய பணிகள் தாமதமின்றி நடைபெற வேண்டும். ஆனால், தொடக்கத்தில் வேண்டுவோர்தாம் இல்லை!

1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, காணும் தோட்ட முதலாளிகளிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். காப்பியை நம்பியிருந்த அவர்கள் அவரைப் 'பித்தர்' என நகைத்தனர். மரத்தைக் கெடுக்காமல், ஒரே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவர் பூங்காவிலேயே ஆராய்ந்து கண்டார்.

அவர் சொல்லை நம்பி முன்வந்தவர் மலாக்காச் சீனராகிய டான் சாய் யான். மரவள்ளிப் பயிரால் நிலம் சத்திழந்துவந்த மாநிலம் அது. ரப்பர் மரத்தில் பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கும் துணிந்து, 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் அவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே எனப் பொதுவாகக் கூறுவர். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது.

மோட்டார் வண்டிகள் பெருகின, ரப்பர் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. முதலாளிமார் செலுத்திய வரியில் கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஊர் ஊராக ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும்வரை இது தொடர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சங்கத்தார் விரும்பி வந்தனர். ரிட்லி ஆர்வத்தால் உழைத்தார். டான் சாய் யான் துணிந்து முன்வந்தார். இவர்கள் பெயர்களை வரலாறு போற்றுகிறது. தமிழ்த் தொழிலாளரோ வறுமை தள்ள வந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கு துடைத்து, நிரை நிரையாகப் பால் வெட்டிய அவர்களுள் பெயர் சொல்லி நினைக்கப்படுவோர் மிகச் சிலரே. 22 கன்றுகளுக்குக் கணக்கு எழுதிவைத்த உலகம், அம்மக்களைப் பெரும்பாலும் தலையெண்ணிக்கையாகவே எழுதிவைத்தது.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. மலாக்கா ஆயர் குரோவில் தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கேனும், தம் பள்ளித் தோட்டத்திலேனும் மாணவர் தாமே முன்வந்து மழைக்காலத்தில் ஒரு கன்று ஊன்றும்பொழுது, ஆசிரியர் இவ்வரலாற்றையும் எடுத்துரைக்கலாம். பால் வெட்டிய பாட்டனார் பாட்டியார் பெயர்களை வீட்டில் கேட்டு எழுதிவரச் செய்யலாம். ஏட்டில் ஏறாத பெயர்களுக்குப் பிள்ளைகளின் கையெழுத்தே முதல் ஏடாகட்டும்.