திரைப்பட விழாக்களும் சுதந்திரப் படைப்பாளியும்: லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

ஈழத்துச் சினிமா பற்றி எழுதுவோர், சர்வதேச விழாக்களில் நம் நாட்டுப் படங்கள் பெற்ற பரிசுகளைப் பட்டியலிடுவதோடு அமைதி கண்டுவிடுகின்றனர். அப்பரிசுகள் படைப்பாளியின் உற்பத்தி நிலைமைகளில் எத்தகைய மாற்றத்தை ஏற்படுத்தின என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் (1919–2018) அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவை நாம் அணுகலாம்.

முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளியாயிற்று. தமிழரான எஸ். எம். நாயகம் அதனை மதுரையில் உருவாக்கினார். அதனைத் தொடர்ந்து வந்த படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியக் கலையகங்களிலேயே, அங்கு வழங்கிய பாட்டும் ஆட்டமும் கலந்த வாய்பாட்டிற்கு அமைய எடுக்கப்பட்டன. இதனை ஓர் இனத்தின் செல்வாக்காகக் காண்பது தவறாகும். கலையகம், தொழில்நுட்பம், விநியோகம் ஆகியவற்றைத் தன் கையில் வைத்திருந்த மூலதனத்தின் இயல்பான விளைவே அது.

இலண்டனிற் பத்திரிகையாளராக இருந்தவாறே குறும்படங்களை எடுத்துப் பழகிய பீரிஸ், 1952 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்தார். பின்னர் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொகுப்பாளர் தைற்றஸ் தொட்டவத்த ஆகியோருடன் அதனின்று விலகி 'ரேகாவ' படத்தை உருவாக்கினார். நிலையான ஊதியத்தைத் துறந்த மூவரின் துணிவு இதன் பின்னணியில் உண்டு. கலையகச் சுவர்களுக்கு வெளியே, உண்மையான கிராமத்தில் எடுக்கப்பட்ட அப்படம் 1957 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவிற் போட்டிப் பிரிவிற் காட்டப்பட்டது. ஆயினும், உள்நாட்டில் அது வருவாய் ஈட்டவில்லை. அவருடைய அடுத்த கதைப்படம் 1960 இலேயே வெளிவந்தது. விழா அவருக்குப் பெயரைத் தந்தது, மூலதனத்தைத் தரவில்லை.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய 'கம்பெரலிய' 1963 இல் வெளிவந்தது. நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் வீழ்ச்சியையும் புதிய வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் அது சித்திரித்தது. 1965 இல் புதுடில்லி விழாவில், சத்யஜித் ராய் தலைமை தாங்கிய நடுவர் குழு அதற்குத் தங்க மயில் விருதை வழங்கியது. கதைப்போக்கைக் குலைக்கும் ஆடல்பாடல்களின்றியும் இந்நாட்டுப் படம் நிற்கவியலும் என்னும் உண்மை அவ்விருதினால் நிலைநாட்டப்பட்டது. விழாக்களின் உண்மையான பயன் இதுவேயாம். வணிகர் மறுத்த நியாயத்தைப் படைப்பாளிக்கு அவை வழங்கின.

எனினும், அந்நியாயம் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு 1977 இல் தமிழில் உருவாக்கிய 'பொன்மணி' சாதி, சீதனம் ஆகியவற்றின் கொடுமையைப் பேசியது. தென்னிந்திய வணிகப் படங்களிற் பழகிய நம் இரசிகர்கள் அதனை ஏற்கவில்லை. இக்குறையை விநியோகஸ்தர் மீது மாத்திரம் சுமத்துதல் பொருந்தாது. அதில் நமக்கும் பங்குண்டு.

இவ்விடத்து மற்றொரு செய்தியையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1983 யூலை வன்செயலின்போது, தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தல விஜயா கலையகம் எரியூட்டப்பட்டது. அங்கிருந்த பல படங்களின் மூலச்சுருள்களும் அத்தீயில் அழிந்தன. இனவாதம் இட்ட தீ சிங்கள மக்களின் கலைச் செல்வத்தையும் உட்கொண்டது. 'கம்பெரலிய'வோ அமெரிக்கப் பல்கலைக்கழகச் சுவடிக்கூடம் ஒன்றினாற் புதுப்பிக்கப்பட்டு, 2008 இல் மீண்டும் கான் விழாவில் திரையிடப்பட்டது. தன் படங்களைத் தானே பேண இயலாத நாட்டிற்கு அயல்நாட்டு விழாவே நினைவகமாயிற்று.

ஆகவே, விழாப் பரிசுகளைக் கொண்டாடுதல் மாத்திரம் போதாது. படைப்பாளியின் சுதந்திரத்தை விழாக்கள் அங்கீகரிக்கலாம். அதனை வாழவைக்கும் பொறுப்பு உள்நாட்டு இரசிகரையும், விநியோக அமைப்பையும், சுவடிப் பாதுகாப்பையுமே சார்ந்தது. இம்மூன்றையும் கட்டியெழுப்பாதவரை, நம் கலைஞன் வெளிநாட்டில் விருந்தினனாகவும் சொந்த நாட்டில் அந்நியனாகவுமே இருப்பான்.