ராகம், தாளம், மெஷின்!

கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு கிராமத்து அம்மன் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்கும்போது கவனித்துப் பாருங்கள். அதே அடிதான் திரும்பத் திரும்ப வரும். நடுவில் வேகம் கொஞ்சம் கூடும், ஓர் அடி இடம் மாறும். அவ்வளவுதான்! ஆனால், கேட்கிற கூட்டத்தில் யாரோ ஒருவருக்குச் சாமி வந்துவிடும். 'இவ்வளவு நேரமும் இதையேதானே அடிச்சாங்க?' என்று யாரும் கேட்பதில்லை. ஒரே அடி சுற்றிச் சுற்றி வருவதில்தான் விஷயமே இருக்கிறது.

மேல்நாட்டில் 'மினிமல் டெக்னோ' என்றொரு இசை வகை உண்டு. அதன் சூத்திரமும் ஏறக்குறைய இதேதான். பெரும்பாலும் பாட்டு கிடையாது, பல்லவி, சரணமும் கிடையாது. ஒரு டிரம் மெஷின், ஒரு பேஸ் ஒலி... இரண்டையும் சுழல விட்டு, காதுக்கே தெரியாமல் மெள்ள மெள்ள மாற்றிக்கொண்டு போவார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஹூட் 1994-ல் வெளியிட்ட 'மினிமல் நேஷன்' இந்த வகைக்கு அரிச்சுவடி மாதிரி.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே, நம் பம்பாயில் ஒருவர் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்து முடித்துவிட்டார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் சரண்ஜித் சிங். ஆர்.டி.பர்மன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களின் ரெக்கார்டிங்குகளில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். ரெக்கார்டு உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். பின்னால் உட்கார்ந்து வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. சிங் அந்தப் பெயரில்லாத கூட்டத்தில் ஒருவர்.

1982-ல் இந்தியா முழுக்க டிஸ்கோ ஜுரம். 'குர்பானி' 1980-ல் பற்றவைத்த நெருப்பை 'டிஸ்கோ டான்ஸர்' ஊதிப் பெரிதாக்கிய வருடம் அது. தமிழில் கமல் 'சகலகலா வல்லவ'னில் ஆடியதும் அதே வருடம்தான். சிங்குக்கு ஒரு யோசனை. 'டிஸ்கோ தாளத்தின் மேலே ராகங்களை வாசிச்சா என்ன? தபேலா வேண்டாம், மெஷினே தாளம் போடட்டுமே!'

அப்போது அவரிடம் இருந்தவை ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரித்த மூன்று கருவிகள். ஜூபிடர் 8 என்ற கீபோர்டு, டி.ஆர். 808 என்ற டிரம் மெஷின், டி.பி. 303 என்ற குட்டிப் பெட்டி. இந்த மூன்றாவது ஆசாமியின் கதை சுவாரஸ்யமானது. தனியாக கிதார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் கிதார் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. ஆனால், அது பேஸ் கிதார் மாதிரி ஒலிக்கவே இல்லை! ஏதோ ரப்பரை இழுத்து விட்டாற்போல 'ஙொய்ங்' என்றது. வாங்க ஆளில்லாமல் 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கிதார்க்காரர்களுக்குப் பிடிக்காத அந்த வழுக்கல் ஒலி, ராகத்துக்கு வாகாக அமைந்துவிட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவதை இந்துஸ்தானியில் 'மீண்ட்' என்பார்கள். நம் வீணைக்காரர்கள் தந்தியை இழுத்து வாசிப்பதும் அதற்கு உறவுதான். தவிர, ராகம் என்பதே ஒரு கட்டுப்பாடுதானே? கீழே சுருதி அசையாமல் நிற்கும். மேலே ஐந்தாறு சுரங்களை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உலாவலாம். கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிறையச் செய்கிற இந்த வித்தையைத்தான் மினிமல்காரர்கள் பிற்பாடு பெரிய தத்துவமாகப் பேசினார்கள்.

மொத்தம் பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். அதில் பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம், யமன் நம் கல்யாணி. 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் 1983-ல் எச்.எம்.வி. ரெக்கார்டாக வெளியிட்டது. விற்கவில்லை. சாஸ்திரீய சங்கீத ரசிகர்களுக்கு அது சங்கீதமாகப் படவில்லை. டிஸ்கோ ரசிகர்களுக்கோ பாட்டு இல்லாத டிஸ்கோ எதற்கு? சிங் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி சிகாகோ. கைவிடப்பட்ட அந்த டி.பி. 303 பெட்டிகள் பழைய சாமான் விலைக்கு வந்தன. 'ஃப்யூச்சர்' என்ற குழுவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் ஒன்றை வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருகினார்கள். 1987-ல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' ஐரோப்பாவின் நடன அரங்குகளையே புரட்டிப் போட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய வகை பிறந்தது.

2002-ல் ஹாலந்தைச் சேர்ந்த எடோ பவுமன் என்ற ரெக்கார்டு சேகரிப்பாளர் டெல்லிக் கடை ஒன்றில் சிங்கின் ஆல்பத்தைப் பார்த்தார். போட்டுக் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கைத் தேடி மும்பைக்கே போனார். 2010-ல் ஆல்பம் மறுபடி வெளியானபோது, 'இது 1982 சரக்கா? யாரோ இப்போ செஞ்சுட்டு ஏமாத்தறாங்க!' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

அப்படியானால் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியரா? மார்தட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், சிகாகோ இளைஞர்கள் இந்த ரெக்கார்டைக் கேட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே ஒரே மாதிரி ஒலிக்கு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவே. சிங் முந்திக்கொண்டார், சந்தேகமில்லை. ஆனால், சிகாகோவில் ஒருவர் செய்ததைப் பார்த்துப் பத்துப் பேர் செய்தார்கள். பம்பாயில் சிங்கைப் பின்பற்ற ஒருவரும் வரவில்லை. சரித்திரம் சிகாகோ பக்கம் போனது அதனால்தான்.

எழுபது வயது வாக்கில், ஐரோப்பிய மேடைகளில் பேரன் வயதுப் பையன்கள் முன்னால் அதே ராகங்களை அவர் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். இருபத்தேழு வருடம் தாமதமாக வந்த கைதட்டல். வாழும் காலத்திலேயே வந்ததே, அந்த மட்டில் அவர் அதிர்ஷ்டக்காரர்!

கோடம்பாக்கத்திலும் உறையில் பேர் வராத எத்தனையோ வாத்தியக்காரர்கள் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரெக்கார்டுகள் கிடக்கின்றனவா? பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடுங்கள், ப்ளீஸ்!