வலைக்கடியன்

வலைக்கடியன் இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடல்களில் வாழும் நச்சுக் கடற்பாம்பு. அறிவியற் பெயர் ஹைட்ரோஃபிஸ் ஷிஸ்டோசஸ். பழைய நூல்களில் என்ஹைட்ரினா ஷிஸ்டோசா என்று இருக்கும். பாரசீகக் குடாவிலிருந்து இந்தியக் கரைகள், வங்காள விரிகுடா, தென்கிழக்காசியா வரை பரந்து காணப்படுகிறது. உலகெங்கும் கடற்பாம்புக் கடியால் நேரும் மரணங்களில் மிகப் பெரும் பங்கு இந்த ஓர் இனத்தையே சாரும். இலங்கைக் கடல்களில் பதினைந்து அளவிலான கடற்பாம்பு இனங்கள் இருந்தும், கடற்றொழிலாளர் பெயர் சொல்லி அஞ்சுவது இதற்குத்தான்.

பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் 1803இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். மூல மாதிரி தரங்கம்பாடிக் கரையைச் சேர்ந்தது. தமிழ்க் கரையோர வழக்குப் பெயரும் ஐரோப்பிய நூல்களுக்குள் போய்ச் சேர்ந்தது. 1827இல் போயே என்பவர் அதையே இனப்பெயராக்கி 'வலக்கடின்' என எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க நூல்கள் சிலவற்றிலும் அப்பெயரைக் காணலாம். சிங்கள மீனவரும் இதை 'வலக்கடியா' என்றே அழைக்கிறார்கள்.

உருவம்

வளர்ந்த பாம்பு ஒரு மீற்றருக்குச் சற்று மேல் இருக்கும். ஒன்றரை மீற்றர் வரை போவதும் உண்டு. முதுகு சாம்பல் நிறம், வயிறு வெளிர். குட்டிகளில் கரும்பட்டைகள் தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கிவிடும். வால் பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பு வடிவம் கொண்டது. நிலப்பாம்புகளுக்கு ஊர உதவும் அகன்ற வயிற்றுச் செதில்கள் இதற்கு இல்லாததால், மணலில் போட்டால் புரளுமே தவிரச் சரியாக ஊராது. மூக்கின் மேற்செதில் அலகு போலக் கீழ்நோக்கி வளைந்து கீழ்த்தாடையைத் தொட்டு நிற்கும். கீழ்த்தாடை நுனியில் உள்ள செதில் ஒடுங்கி ஒரு பள்ளத்துக்குள் அமிழ்ந்திருப்பதால் வாயை மிக அகலமாகத் திறக்க முடியும். நச்சுப் பற்கள் 4 மில்லிமீற்றரை எட்டாத சிறியவை.

கரைவலை மடியிலிருந்து கொட்டிய குவியலில் இதை விலாங்கு என்றோ அஞ்சாலை என்றோ எண்ணிக் கைவைப்பது எளிதில் நேரக்கூடிய தவறு. விலாங்கின் உடல் வழுவழுப்பானது, தலைக்குப் பின்னால் செவுள் துளை இருக்கும், முதுகில் துடுப்பு நீண்டு ஓடும். பாம்பின் உடலோ சொரசொரப்பான செதிலால் மூடியது, செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் என்பதால் மணிக்கணக்கில் நீருக்கடியில் இருந்தாலும் மேலே வந்தே ஆகவேண்டும். அடியில் விரித்த வலையில் இரவு சிக்கிக்கொண்டால் மூழ்கிச் செத்துப் போகும், அல்லது குற்றுயிராய்க் கரைக்கு வரும். குற்றுயிராய்க் கிடக்கும் பாம்பும் கடிக்கும்.

வாழிடமும் இரையும்

தெளிந்த பவளப்பாறைக் கடலை விடச் சேறும் கலங்கலுமான நீரையே வலைக்கடியன் விரும்பும். ஆற்று முகங்கள், களப்பு வாய்கள், சதுப்புநிலக் காடுகளின் ஓரங்கள் அதன் இடங்கள். வட இலங்கையின் வன்னிப் பகுதியில் கரைகள் இரண்டிலும் அப்படிப்பட்ட நீர் நிறைய உண்டு. கிழக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் களப்புகள். மழைகாலத்தில் பேராறு முதலிய ஆறுகளின் வெள்ளம் இவற்றை நிரப்பி, கடலுக்கு இடையேயுள்ள மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும். மேற்கே கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரி, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா என்று நீளும் பாக்கு நீரிணைப் பக்கம் வெகுதூரம் ஆழமே இல்லாதது.

இரையில் இதற்குத் தனி ருசி. பெரும்பாலான மீன்தின்னிகள் தவிர்க்கும் கெளிறையும் பேத்தையையும் இது தின்னும். கெளிற்றின் முதுகிலும் செட்டையிலும் உள்ள முட்கள் குத்தினால் மனிதக் கையே வீங்கிக் கடுக்கும். பாம்பு அதைத் தலைப்பக்கமாகவே விழுங்குகிறது. அப்படி விழுங்கினால் முட்கள் மடங்கிக்கொள்ளும். மடங்காமல் போனால் குடலைத் துளைத்து உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி முள் துருத்திய பாம்புகள் ஆய்வாளரிடம் அகப்பட்டுள்ளன. மலேசியாவின் மூவார் ஆற்றுமுகத்தில் ஹரோல்ட் வோரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1970களில் நடத்திய ஆய்வே இந்தப் பாம்பின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த சிறந்த தகவல். முட்டையிடாமல் நீரிலேயே குட்டி போடும். ஒரு ஈற்றில் முப்பது வரையும் போகலாம். முதல் ஆண்டைத் தாண்டுபவை பத்தில் ஒன்றோ இரண்டோதான்.

வலையும் கையும்

வலைக்கடியன் நீந்துபவரைத் துரத்திக் கடிப்பது அரிது. கடி விழுவது பெரும்பாலும் தொழிலின்போதுதான், அதுவும் சில குறிப்பிட்ட வேலைகளில்.

முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்கள் கரைவலைக்கு உரியவை. வலையைக் கடலுக்குள் வளைத்துவிட்டு இரு கம்பாக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். உழவு இயந்திரம் கொண்டு இழுப்பது சரியா என்ற தகராறு இக்கரையில் நெடுநாளாக உண்டு. எப்படி இழுத்தாலும் கடைசியில் மடி அலைவாய்க்கு வரும்போது இடுப்பளவு கலங்கல் நீரில் ஆட்கள் இறங்கி அதைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கலங்கலில் காலுக்கடியில் இருப்பது தெரியாது. பிறகு சூடை, காரல், நெத்தலி, சொறி எல்லாம் ஒன்றாய் மணலில் கொட்டப்படும். கயிற்றுக்குக் கைகொடுத்த சிறுவர்களும் கறிக்கு மீன் பொறுக்கக் குனிவார்கள். குவியலுக்குள் பாம்பு கிடந்தால் அதன் சாம்பல் முதுகு ஈர மணலோடு கலந்துவிடும்.

மேற்குக் கரையில் அபாயம் வேறு விதமாக வரும். நாச்சிக்குடா, வலைப்பாடு பக்கத்தில் அடியில் விட்ட நண்டு வலையை விடியற்காலையில் எடுத்து, கரையில் அமர்ந்து ஒவ்வொரு கண்ணாய்ப் பிரித்து நண்டைக் கழற்ற வேண்டும். ஆண்களோடு பெண்களும் செய்யும் வேலை. விரல்கள் வலைக்கண்ணுக்குள் போய்வந்தபடியே இருக்கும். நண்டின் கொடுக்குக்கும் கெளிற்று முள்ளுக்கும் பழகிய விரலில் ஒரு சிறு குத்து விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேதான் வினை.

நஞ்சு

கடித்த இடத்தில் ஊசி குத்தியது போன்ற சுருக்கு, அவ்வளவுதான். வீக்கமில்லை, இரத்தக் கசிவில்லை, பெரிய வலியுமில்லை. புடையன் கடித்தால் கால் வீங்குவதைக் கண்டு பழகிய வன்னி மக்களுக்கு இதைப் பாம்புக்கடி என்றே தோன்றாது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் கழுத்து, முதுகு, தொடைத் தசைகள் நோகத் தொடங்கும், தாடை இறுகும், அசைத்தாலே வலிக்கும். இமை தொங்கும், நாக்குத் தடிக்கும். பின்பு சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயமாய்ப் போகும்.

நஞ்சில் இரு வேலைகள் நடக்கின்றன. ஒரு வகைப் புரதம் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை மறித்து மூச்சுத் தசைகளை முடக்குகிறது. மற்றொன்று தசைநார்களையே சிதைக்கிறது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியம் குருதியில் ஏறி இதயத்தை நிறுத்தும். ஒரு மனிதனைக் கொல்ல ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் நஞ்சு போதும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பாம்பிடமிருந்து கறக்கக்கூடியது சராசரியாக 8 முதல் 9 மில்லிகிராம். ஆயினும் கடித்த ஒவ்வொரு முறையும் நஞ்சு இறங்குவதில்லை. பினாங்கில் பல ஆண்டுகள் கடற்பாம்புக் கடிகளைக் கவனித்த மருத்துவர் அலிஸ்டர் ரீட், பெரும்பாலான கடிகளில் பாரதூரமான பாதிப்பு இல்லை என்று பதிவு செய்தார்.

பாம்பு கொத்தியவுடன் நுரை தள்ளி விழும் நம் சினிமாக் காட்சிகளைப் போல வலைக்கடியன் கடித்தவர் உடனே சாய்வதில்லை, கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் தளர்வார்.

சிகிச்சை

இலங்கை வைத்தியசாலைகளில் வழக்கமாக ஏற்றப்படும் இந்தியத் தயாரிப்பு நஞ்சுமுறி நான்கு நிலப்பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது. கடற்பாம்பு நஞ்சை அது முறிக்காது. ஆகவே இங்கு சிகிச்சை என்பது உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான்: தாராளமாக நீரேற்றம், பொட்டாசியக் கண்காணிப்பு, தேவையானால் செயற்கைச் சுவாசம், சிறுநீரகம் பழுதுற்றால் டயலிசிஸ். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.ஏ.எம். குலரத்னவும் சகாக்களும் 2014இல் டொக்சிகொன் இதழில் கடுமையான மூன்று கடிகளை விவரித்து, இலங்கையின் மிக ஆபத்தான கடற்பாம்பு என இதைக் குறித்தனர்.

கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டி வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்வதே முதலுதவி. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கயிறு கட்டுவதும் கேடு. பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கும் பூமி வன்னி. புளியம்பொக்கணையிலும் புதூரிலும் கோயில் உண்டு. விசகடி வைத்தியரிடம் பார்வை பார்க்கப் போவதும் ஊர்வழக்கம். நேர்த்தி இருக்கட்டும். ஆனால் நோவு தொடங்கும் முன்னரே மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ போய்ச் சேர்ந்து, குறைந்தது சில மணி நேரம் கண்காணிப்பில் இருந்துவிட வேண்டும்.

வகைப்பாடு

ஆஸ்திரேலியா, நியூகினி கடல்களிலும் இதே பாம்பு உண்டு என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. இலங்கை ஆய்வாளர் கனிஷ்க உக்குவெல தலைமையிலான குழு மரபணுக்களை ஒப்பிட்டு, ஆசியப் பாம்பும் ஆஸ்திரேலியப் பாம்பும் நெருங்கிய உறவே இல்லாத வெவ்வேறு இனங்கள் எனக் காட்டியது. ஒரே வகை வாழ்க்கையும் இரையும் இரண்டுக்கும் ஒரே மூக்கையும் வாயையும் தந்திருக்கின்றன. ஆஸ்திரேலியப் பாம்பு இப்போது ஹைட்ரோஃபிஸ் ஸ்வைஃபெலி எனப்படுகிறது. உலகில் கிடைக்கும் கடற்பாம்பு நஞ்சுமுறி ஆஸ்திரேலியாவில் தயாராவது. அதற்குக் குதிரைகளில் ஏற்றப்பட்டதோ ஆசியக் கடலின் வலைக்கடியன் நஞ்சு.