புரூஸ்டர்

இன்று இது பெரும்பாலும் ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயராகவே தெரியும். பழைய பொருள், ஏல் எனும் பார்லி மதுவைக் காய்ச்சுபவள். 'புரூ' காய்ச்சுதலைக் குறிக்கும். 'ஸ்டர்' பழைய ஆங்கிலப் பெண்பால் விகுதி. நூல் நூற்றவளைக் குறித்த 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்லிலும் அதுவே இருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்களில் பலர் வீட்டுப் பெண்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை நொதிக்கவிடுவார்கள். ஹாப்ஸ் எனும் கசப்புப் பூ சேராத அந்த ஏல் சீக்கிரமே புளித்துவிடும். காய்ச்சிய வீட்டிலேயே விற்றுத் தீர்க்க வேண்டும். புது ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் கம்பு ஒன்று நீட்டி, தழைக்கொத்தைக் கட்டுவார்கள். பப் எனும் மதுக்கடை, அதாவது 'பொது வீடு', இத்தகைய வீடுகளின் வழிவந்தது.

ஹாப்ஸ் சேர்ந்த பீர் நாள்பட நின்றது, தொலைவுக்குப் போனது. தொழில் பெரிய ஆலைகளுக்கும் ஆண்களுக்கும் கைமாறியது. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். 1970களின் தொடக்கத்தில், தங்கள் கூரைக்குக் கீழேயே காய்ச்சிய பழைய பப்கள் நான்கே எஞ்சின. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நெதர்டனின் 'ஓல்ட் ஸ்வான்' அவற்றில் ஒன்று. அதை நடத்திய டோரிஸ் பார்டோவை வைத்து ஊரார் அதை 'மா பார்டோஸ்' என்றே அழைத்தனர். கார்ன்வாலில் ஹெல்ஸ்டனின் 'புளூ ஆங்கர்' மற்றொன்று. அங்கே காய்ச்சும் ஏலுக்கு 'ஸ்பிங்கோ' என்று பெயர்.