கருவின் புரதமும் குடற்புற்றும்

ஆங் மோ கியோ நகரின் கட்டுமானம் 1973இல் தொடங்கியது. அங்கு முதலில் குடியேறிய இளந்தம்பதியர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேற்பட்டோரையே நாடுவது. அது இந்நாட்டில் பெருகிவந்ததை, பேராசிரியர் க. சண்முகரத்தினம் நிறுவி 1968 முதல் எழுதப்பட்டுவரும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டும். அறுவை முடிந்து வீடு திரும்பியோர் நெஞ்சில் நிற்கும் வினா ஒன்றே: நோய் மீண்டும் வருமா?

நெடுங்காலம் அறுத்தெடுத்த கட்டியே இதற்கு விடை கூறியது. இலண்டன் மருத்துவர் கத்பெர்ட் டியூக்ஸ் 1932இல், கட்டி குடற்சுவரைத் துளைத்த ஆழத்தையும், நிணநீர்க் கணுக்களை எட்டியதா என்பதையும் பார்த்து, மலக்குடற் புற்றை மூன்று படிகளாக வகுத்தார். உடலில் எஞ்சியது உண்டா என்பதை அவ்வகுப்பு சொல்ல இயலாது.

1965இல் வேறு வழி திறந்தது. கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் பிரீட்மனும் அவர் மாணவர் பில் கோல்டும் (மாணவர் என்பதை ஆசிரியர்கள் கருதுக) ஒரே நோயாளியின் புற்றுத் திசுவையும், சற்று அப்பாலுள்ள நலமான குடற்றிசுவையும் எடுத்தனர். புற்றின் சாற்றை முயலுக்குச் செலுத்தினர். முயலின் குருதியில் தோன்றிய எதிர்ப்பொருள்களை நலமான திசுவின் சாற்றோடு கலந்து, இரண்டுக்கும் பொதுவானவற்றைக் கழித்தனர். எஞ்சியவை புற்றிலிருந்த ஒரு பொருளை மட்டுமே பற்றின. வியப்பு யாதெனில், அதே பொருள் தாய்வயிற்றுக் கருவின் குடலிலும் இருந்தது! அப்புரதமே சி.இ.ஏ. எனப்படுவது.

1969இல் அதைக் குருதியில் அளக்கும் முறை வந்ததும், புற்றை முளையிலேயே கண்டுவிடலாம் என்ற ஆரவாரம் எழுந்தது. அது நிலைக்கவில்லை. புகைபிடிப்போரிடமும் கல்லீரல் நோயாளரிடமும் அளவு ஏறியிருந்தது. தொடக்கநிலைப் புற்றுள்ளோர் பலரிடம் ஏறவேயில்லை.

ஆயினும் அப்புரதத்துக்கு வேறொரு பணி காத்திருந்தது. அறுவைக்குமுன் உயர்ந்திருந்த அளவு, கட்டி முழுதும் நீங்கினால் சில வாரங்களில் தாழும். பின்னர்ச் சோதனைக்குச் சோதனை ஏறுமாயின், எங்கோ, பெரும்பாலும் கல்லீரலில், நோய் தலைகாட்டுகிறது என ஐயுற வேண்டும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்பது பலரும் கொள்ளும் எல்லை. ஒருமுறை 6 என்று வந்ததற்காக உறக்கத்தை இழக்க வேண்டுவதில்லை. தொடர்ந்த ஏற்றமே பொருளுடையது.

முன்கூட்டி அறிவதால் ஆயுள் நீளுமா என்பது வேறு வினா. பிரிட்டனில் 1,202 பேரைத் தொடர்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், சி.இ.ஏ. அளவாலோ சி.டி. படத்தாலோ கண்காணிக்கப்பட்டோருக்கு, மீண்ட நோயை அறுத்து நீக்கும் வாய்ப்பு மிகுதியாகக் கிடைத்தது. அவர்கள் மற்றவரினும் நெடிது வாழ்ந்தனர் என்பதை அவ்வாய்வால் நிறுவ முடியவில்லை.